பாரணைக்குப் பின்

ஐப்பசி பிறந்து வாடைக்காற்று வடகடலைக் கலக்கத் தொடங்கினால் வல்வெட்டித்துறையில் படகுகள் கரையேறிவிடும். படகுகளோடு ஆண்களும் கரையேறிவிடுவார்கள். கிழிந்த வலையைப் பொத்துவதும், வானத்தின் முகம் பார்ப்பதும், ஒருவர் குடும்பத்தை மற்றவர் பகிடி பண்ணுவதுமாக அவர்களுடைய காலைகள் கழியும். பார்த்தீபனுக்கு மட்டும் அந்த ஆண்டு வேறொரு காலைத் தொழில் வாய்த்திருந்தது. அவன் தன் மனைவி கேதீஸ்வரிக்குத் தலை பின்னினான்.

கயிறு முறுக்கிப் பழகிய கை. கூந்தலை மூன்றாகப் பகுத்து, பிரிமேல் பிரி ஏற்றி, நுனியில் ஒரு சுருக்கிட்டு இறுக்கினான் என்றால் அது அவள் தலை முழுகும் நாள் வரைக்கும் அவிழாது.

"இஞ்சருங்கோ, மெல்ல இழுங்கோ. உது தலைமயிர், நங்கூரக் கயிறில்லை."

"ஆடாமல் இரு. அவிழக்கூடாதெல்லோ."

"அவிழாது. கோடாலியாலைதான் கொத்தோணும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிக்கும்போதும் அவளுடைய கைகள், யாரோ இரவல் கொடுத்துவிட்டுப் போன பொருள்கள்போல, மடியில் அசையாமல் கிடந்தன. விடியற்காலையில் அவை மூடமாட்டா. வெயில் முற்றத்தைக் கடந்து கிணற்றடிக்குப் போன பிறகுதான் விரல்கள் ஒவ்வொன்றாய் இளகும். அதற்குள் சட்டைக் கொக்கி மாட்டுவதும், தேங்காய்ப்பால் பிழிவதும், தேத்தண்ணிப் பேணியை வாய்வரை உயர்த்துவதும் பிறர் கையை எதிர்பார்த்தே நடக்கவேண்டும்.

அவள் நண்டுக் கொம்பனியில் வேலை செய்தவள். அவித்த நண்டின் கோதைப் பிளந்து, காலுக்குள் இருக்கும் தசையைச் சிதையாமல் உருவி எடுக்கும் வேலை. நாள் முழுவதும் ஐஸ் குளிரில் விரல் நுனியால் செய்யவேண்டியது. ஆடி மாதத்தில் நண்டுக்கால் கைநழுவத் தொடங்கியது. புரட்டாதியில் வேலையை விட்டுவிட்டாள். ஓய்ந்திருந்தால் மாறும் என்றார்கள். ஓய்ந்திருந்து பார்த்தாள், விரல் மூட்டுகளான மொளிகள் கூடுதலாக வீங்கியதே மிச்சம்.

இரத்தம் சோதித்தார்கள், ஒன்றுமில்லை. எக்ஸ்றே எடுத்தார்கள், அதிலும் ஒன்றுமில்லை. பக்கத்து வளவிலிருந்த பார்த்தீபனின் தமக்கை பாலேஸ்வரிக்கு அது போதுமானதாயிற்று.

"ரத்தத்திலையும் இல்லையாம், எலும்பிலையும் இல்லையாம். அப்ப வருத்தம் எங்கை கிடக்கு? நினைப்பிலை."

"ஓம் மச்சாள், நினைப்பிலைதான்," என்றாள் கேதீஸ்வரி. "நீங்கள் ஒருக்கா வந்து என்ரை நினைப்புக்கு உடுப்புத் தோய்ச்சுத் தாங்கோவன்."

பாலேஸ்வரி முணுமுணுத்துக்கொண்டே வந்து தோய்த்துக் கொடுத்தாள். வாய் கடலுப்பு, கை அப்படியன்று.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் மூட்டுவாத நோய்களைப் பார்க்கும் பிரிவில் லவீனா என்றொரு டொக்டர் இருந்தாள். இளம் பெண். அவள்தான் முதன்முதலாகக் கேதீஸ்வரியின் விரல் மொளிகளைத் தன் பெருவிரலால் ஒவ்வொன்றாய் அமத்திப் பார்த்தவள். அமத்தும்போது கையைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தாள்.

"நோகுது. பொய்யில்லை," என்றாள் டொக்டர்.

அந்த ஒரு சொல்லுக்குக் கேதீஸ்வரியின் கண் கலங்கிற்று.

"அப்ப ஏன் டொக்டர் எக்ஸ்றேயிலை தெரியேல்லை?" என்று பார்த்தீபன் கேட்டான்.

"எக்ஸ்றேயிலை எலும்புதான் அண்ணை தெரியும். இந்த வருத்தம் மூட்டைச் சுத்தியிருக்கிற சவ்விலை தொடங்கிறது. அது எலும்பை அரிச்சாப் பிறகுதான் எக்ஸ்றேக்கு விளங்கும். அப்பப் பிந்திப்போம்."

"சவ்வை எப்பிடிப் பாக்கிறது?"

"வயித்துப் பிள்ளையைப் பாக்கிற ஸ்கான் இருக்கெல்லோ, அதே வகைதான். சின்ன முனையொண்டை மொளியிலை வைச்சுப் பாப்பம். அழற்சி இருந்தா அந்த இடத்திலை ரத்தம் கூட ஓடும். மெஷின் அதைச் சிவப்பாக் காட்டும்."

"காட்டினா?"

"மருந்து தொடங்கலாம். கடும் மருந்து, ஈரலைப் பாத்துப் பாத்துத்தான் குடுக்கோணும். ரத்தத்திலையும் இல்லை, படத்திலையும் இல்லை எண்டால் அதைத் தொடங்க எனக்கு மேலை இருக்கிறவை விடமாட்டினம். நேரத்தோடை தொடங்கினாக் கட்டுக்குள்ளை வைக்கலாம். அரிச்ச எலும்பு மட்டும் திரும்பி வராது, அண்ணை."

திகதி கொடுத்தாள். எழும்பும்போது இன்னொன்று சொன்னாள்: "அதுக்கு முன்னம் நோக்குளிசை ஒண்டும் போடாதேங்கோ. எண்ணெய், கைமருந்து ஒண்டும் வேண்டாம். போட்டா இருக்கிற சிவப்பு மறைஞ்சிடும்."

அந்தக் கட்டளையை அவர்கள் வேதவாக்காய்க் கொண்டார்கள். நோவில் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு விடியும்வரை விழித்திருந்தாளேயன்றி ஒரு பனடோலும் தொட்டாளில்லை.

கொடுக்கப்பட்ட திகதி சஷ்டி முடியும் சூரன்போர் நாளாக அமைந்தது. கந்தசஷ்டி ஆறு நாளும் அவள் நீர் மட்டும் அருந்தி, பொழுதுபட ஒரு மிடறு பாலோடு நோன்பு காப்பவள். கலியாணம் கட்டி வந்த ஆண்டிலிருந்து ஒரு சஷ்டியும் தவறவிட்டதில்லை.

"நாளை மாத்திக் கேப்பமோ?" என்றான் பார்த்தீபன்.

"என்னத்துக்கு? எந்தச் சோதினைக்கும் வெறுவயித்தோடை வாங்கோ எண்டுதானே சொல்லுறவை. நான் விரதத்தோடை போறன். ஆஸ்பத்திரியும் சரி, சந்நிதியும் சரி."

கேட்டவனுக்கு அதில் ஒரு குறையும் தோன்றவில்லை. இரத்தச் சோதனைக்கு எத்தனை முறை இருவரும் வெறும் வயிற்றோடு முதல் பஸ் ஏறியிருக்கிறார்கள்! உண்ணாமை ஒரு மருந்தாகும் என்று யார் கண்டார்? குளிசை என்றால் மருந்து, எண்ணெய் என்றால் மருந்து. பசி எவ்விதம் மருந்தாகும்?

விரதத்தின் மூன்றாம் நாள் காலை அவன் கண்விழித்தபோது தலைமாட்டில் தேத்தண்ணி ஆவி பறந்துகொண்டிருந்தது. மகள் தனுஷிகா வைத்தாள் போலும் என்று எடுத்தான். மகளோ இன்னும் பாயில் கிடந்தாள். குசினி வாசலில் கேதீஸ்வரி நின்றாள். வலக்கையை முன்னே நீட்டி, மூடித் திறந்து, மூடித் திறந்து காட்டினாள். கண்ணீர் கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது.

"பிடிக்குதப்பா. பேணியைப் பிடிச்சனான்."

அடியவர் மெலியத் தெய்வத்தின் அருள் பொலியும் என்று கேட்டு வளர்ந்தவன் பார்த்தீபன். அவன் எழுந்து நின்றான். நெற்றியில் திருநீற்றை அள்ளிப் பூசிக்கொண்டான்.

ஸ்கான் அறை சிறியது, இருட்டியிருந்தது. மடித்த துவாயின்மேல் கேதீஸ்வரியின் கையை வைத்து, குளிர்ந்த ஜெல் களியைப் பூசி, டொக்டர் லவீனா சிறு முனையை மொளிமேல் நகர்த்தினாள். திரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ அலைந்தது; கீழே வெண்கோடு ஒன்று; அதன்மேல் இருள்.

"மீன் பாக்கிற மெஷினைப் போலை கிடக்கு, டொக்டர்."

"அதேதான் அண்ணை. சத்தத்தை விட்டு எதிரொலியைப் பிடிக்கிறது. இந்த வெள்ளைக்கோடு எலும்பு. நல்ல வழவழப்பா, ஒரு வடுவும் இல்லாமல் கிடக்கு, பாருங்கோ."

"சிவப்பு?"

"அதைத்தான் நானும் தேடுறன்."

நெடுநேரம் தேடினாள். ஒவ்வொரு விரலாய், மணிக்கட்டாய், மறுகையாய்த் தேடினாள். அங்கொரு பொட்டு மினுங்கும், உடனே அணைந்துபோகும். அவள் புருவம் சுருங்கிற்று.

"அண்டைக்கு நல்லா வீங்கியிருந்ததே. குளிசை ஏதும் போட்டனீங்களோ, அக்கா?"

"கந்தனறிய இல்லை, டொக்டர்."

"ஊசி? எண்ணெய்? நாட்டு மருந்து?"

"ஒண்டுமில்லை."

வேறு கேள்வி டொக்டருக்கும் தோன்றவில்லை. "இதை வைச்சு மருந்து தொடங்கேலாது. திரும்ப வீங்கினா உடனை வாங்கோ," என்று சொல்லி அனுப்பினாள்.

அங்கிருந்து நேரே தொண்டைமானாற்றுச் சந்நிதி முருகன் கோயிலுக்கு வந்தார்கள். மழை ஓய்ந்த மணற்பரப்பில் சனம் கடலாய்த் திரண்டு நின்றது. சூரன் ஆனைமுகம் இழந்தான், சிங்கமுகம் இழந்தான், மாமரமாய் நின்று பிளந்தான். அரோகரா என்ற ஒலி ஆற்றைத் தாண்டிப் போனது. அந்தக் கணத்தில் கேதீஸ்வரி தன் இரு கைகளையும் தலைமேல் உயர்த்திக் குவித்தாள். ஆடிமாதந்தொட்டு உள்ளங்கையோடு உள்ளங்கை பொருந்தாமல், விரல்கள் வளைந்து, இடையில் ஒரு வெளி விட்டே கும்பிட்டுவந்தவள். இன்று அவை விரல் நுனிவரை ஒட்டி நின்றன. பக்கத்தில் நின்ற பாலேஸ்வரி அதைப் பார்த்தாள், பார்த்ததும் கூச்சலிட்டாள்.

"பாருங்கோ பிள்ளையள்! மெஷினும் ஒண்டுமில்லை எண்டிட்டுதாம்! சூரனோடை சூரனா இவளின்ரை வருத்தத்தையும் விழுத்திப்போட்டான்!"

கேட்ட பெண்கள் கேதீஸ்வரியின் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

மறுநாள் பாரணை. நோன்பை நிறைவாக்கி உண்ணும் அந்தச் சோற்றுக்குப் பாலேஸ்வரியே பச்சரிசி தீட்டி, பூசணியும் வாழைக்காயும் கறியாக்கி, பாயசம் காய்ச்சிக்கொண்டு வந்தாள். கேதீஸ்வரி தன் கையாலேயே குழைத்து உண்டாள். வீடு நெடுநாளுக்குப் பிறகு சிரித்தது.

கார்த்திகை விளக்கீட்டுக்குத் திரி திரிக்க உட்கார்ந்தபோது விரல் மறுபடி மறுத்தது. சொல்லாமல் மறைத்தாள். மழையிருட்டு விலகாத ஒரு காலையில் பார்த்தீபன் கிணற்றடியில் அவளைக் கண்டான். வாளிக் கயிற்றை விரலால் பிடிக்கமாட்டாமல் முழங்கையில் சுற்றி இழுத்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப தொட்டு?"

"பாரணை முடிஞ்ச கிழமை."

"டொக்டர் உடனை வரச்சொன்னவவெல்லோ?"

"என்னெண்டு போறது? ஊர் முழுக்க என்ரை கையைத் தொட்டுக் கும்பிட்டுது. இப்ப போய், கந்தன் மாத்தேல்லை எண்டு சொல்லட்டோ?"

அன்றிலிருந்து அவள் சோற்றைக் குறைத்தாள். பிறகு ஒருநேரமாக்கினாள். பிறகு பொழுதுபட ஒரு மிடறு பால். அவன் அதட்டிப் பார்த்தான், கெஞ்சிப் பார்த்தான். அவளோ நாலாம் நாள் கையை மூடித் திறந்து காட்டினாள். வீக்கம் வற்றியிருந்தது. மகளின் கண்ணீருக்கு இரங்கி இரண்டு நாள் சாப்பிட்டாள், வீக்கம் வந்தது. மறுபடி விட்டாள், வற்றியது.

"கண்ணாலை காணுறியள்தானே? தின்னக்குள்ளை வருது, விடக்குள்ளை போகுது. அவன் என்னட்டைக் கேட்கிறது இதைத்தான்."

அவள் பொய் சொல்லியிருந்தால் பார்த்தீபன் மறுத்திருக்கலாம். அவள் காட்டியது கண்கூடு. ஆயினும் அவளது தோளெலும்பு சட்டைக்கு மேலால் துருத்தத் தொடங்கியிருந்தது, படியேறினால் மூச்சிரைத்தது. பாலேஸ்வரிகூட வாயடங்கிப் போனாள்.

அவன் தனியே பட்டணம் போனான். டொக்டர் லவீனா அவன் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள். பிறகு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"விரதமோ... அண்டைக்கு அவ விரதத்திலையோ வந்தவ?"

"ஆறாம் நாள். அதிலை பிழை இருக்கோ, டொக்டர்?"

"பட்டினி கிடந்தா இந்த அழற்சி தணியும் அண்ணை. உடம்பு அப்பிடித்தான். குளிசையைக் கேட்டன், எண்ணெயைக் கேட்டன். சாப்பிட்டனீங்களோ எண்டு கேக்க எனக்கு மூளை ஓடேல்லை. நானும் இந்த ஊரிலைதானே பிறந்தனான்."

"அப்ப அவள் சொல்லுறது மெய்தானே?"

"மெய்தான். ஆனா தணியிறது மாறுறதில்லை. சாப்பிடத் தொடங்க அது திரும்பவும் மூளும். ஆயுள் முழுக்கப் பட்டினி கிடக்கேலுமோ? கிடந்தா வருத்தம் கொல்லமுந்திப் பசி கொல்லும்." அவள் காலண்டரைப் புரட்டினாள். "தையிலை ஒரு நாள் எடுத்துத் தாறன். அதுவரைக்கும் அவ வழமையாச் சாப்பிடோணும். நல்லாச் சாப்பிட்டு, உள்ளபடி வரட்டும்."

அந்தச் செய்தியை அவன் வீட்டில் சொன்னபோது கேதீஸ்வரி கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"அப்ப நான் தின்னோணும். திண்டு, போன நோவைத் திரும்பக் கூப்பிட்டு, அதைக் கொண்டுபோய் டொக்டருக்குக் காட்டோணும். அப்பிடித்தானே?"

"மருந்துக்காகத்தானே..."

"அவன் தந்ததைத் திருப்பிக் குடுத்துப்போட்டு மருந்து வாங்கோணும். உங்களுக்கு வாயிலை வருதோ, அப்பா, இதைச் சொல்ல?"

அன்று இரவுச் சோற்றை அவனும் தொடவில்லை. மறுநாளும் தொடவில்லை. வீம்புக்காக அல்ல; அவள் பட்டினி கிடக்க அவனால் உண்ண முடியவில்லை. மார்கழி நடுவில் காற்றுத் தணிந்து கடல் திறந்தது. படகின் இயந்திரத்தைத் தோளிலேற்றிக்கொண்டு அவன் வெறும் வயிற்றோடு படலை தாண்டியதைக் கேதீஸ்வரி கண்டாள்.

பசித்தவனைக் கடலுக்கு விட்ட பெண் அந்தக் கரையில் இல்லை. அவள் ஓடிவந்து படலையை மறித்தாள்.

"இறக்குங்கோ உதை. இஞ்சை வாங்கோ. தின்னுங்கோ."

"நீ?"

அவள் குசினி வாசலில் போய் உட்கார்ந்தாள்.

"தாங்கோ," என்றாள்.

புட்டும் சொதியும் இருந்தன. அவன் குழைத்து அவள் வாயில் வைத்தான். அவள் மென்று விழுங்கினாள். அன்றும் மறுநாளும் அதற்கு மறுநாளும், கடலுக்குப் போகுமுன்பும் வந்த பின்பும், தன் கையாலேயே ஊட்டினான். ஊட்டும்போதே விரல்கள் தடிப்பதைக் கண்டான். பிள்ளைக்கு ஊட்டும் தாய் பிள்ளையின் வளர்ச்சியைக் காண்பாள். இவன் தன் மனைவிக்கு ஊட்டி நோவை வளர்த்தான். ஒவ்வொரு பிடியையும் அவள் தெரிந்தே வாங்கினாள். தைப்பொங்கலன்று அவளால் அகப்பையைப் பிடிக்க முடியவில்லை. பால் பொங்கியபோது கைகளை மார்போடு அணைத்துக்கொண்டு தள்ளி நின்றாள்.

ஸ்கானுக்குப் புறப்பட்ட காலை, வழியில் தோசை வாங்கிக் கொடுத்தான். பஸ் நெல்லியடியைக் கடந்து வெட்டவெளி வயல்களுக்கிடையே போகையில் பார்த்தீபன் கண்மூடித் தன் தெய்வத்தை நினைத்தான். பிறந்த நாள்முதல் அவன் கேட்டதெல்லாம் நன்மை: காற்றுத் தணியவேண்டும், வலை நிறையவேண்டும், பிள்ளை சுகமாய்ப் பிறக்கவேண்டும். இன்று அவன் நெஞ்சு உருகி இரந்தது வேறொன்று. சிவப்புத் தெரியவேண்டும். முருகா, இவள் விரலில் நெருப்பு எரியவேண்டும். எல்லாருக்கும் தெரியும்படி எரியவேண்டும். இப்படியொரு வேண்டுதலை எந்தச் சந்நிதியில் எந்த வாயால் சொல்வது? சொல்லிவிட்டான்.

அறை இருண்டது. களி பூசினாள் டொக்டர். முனையை வைத்த மறுகணமே திரையில் சிவப்பு மூண்டது. செம்மையும் மஞ்சளுமாய், நாடியோடு சேர்ந்து துடித்துத் துடித்து, மொளியைச் சுற்றி எங்கும் பூத்தது. அடுத்த மொளியிலும் அப்படி. மணிக்கட்டில் அதனிலும் மேல்.

"தெரியுது அண்ணை," என்றாள் டொக்டர். அவள் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. "நல்லாத் தெரியுது. இண்டைக்கே மருந்து தொடங்குவம்."

பார்த்தீபனின் கைகள் தாமாகவே குவிந்தன. பிறகுதான் கண்டான், முனையை அவள் சற்றே சரித்து ஓரிடத்தில் நிறுத்தியிருந்தாள். வெண்கோடு அந்த இடத்தில் தொடராமல், எலி கறண்டினாற்போல் ஒரு சிறு பள்ளமாய்க் குழிந்திருந்தது. பள்ளத்துக்குள்ளும் சிவப்பு நிறைந்து துடித்தது.

"உது என்ன டொக்டர்?"

டொக்டர் அந்த இடத்தைத் திரையில் அளந்தாள்.

"எலும்பு அரிக்கத் தொடங்கியிருக்கு."

"முதல் வந்தக்குள்ளை உது..."

"இல்லை, அண்ணை. அண்டைக்கு இல்லை."

படுக்கையிலிருந்து கேதீஸ்வரிக்குத் திரை தெரியாது. அவள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னப்பா? டொக்டர் என்ன சொல்லுறா? தெரியுதோ?"

"தெரியுது," என்றான்.

"வடிவாத் தெரியுதோ?"

"ஓம். வடிவாத் தெரியுது."

அவள் நீண்ட மூச்சொன்றை விட்டுக் கண்களை மூடினாள். தின்றது வீண்போகவில்லை என்ற ஆறுதல் அந்த முகத்தில் பரவியது. மற்றதைச் சொல்ல வாயெடுத்தவன் சொல்லாமல் அவள் கால்மாட்டில் நின்றான்.

டொக்டர் களியைத் துடைத்தாள். "மற்றக் கையையும் வையுங்கோ, அக்கா," என்றாள்.

கேதீஸ்வரி மற்றக் கையைத் தூக்கித் துவாயின்மேல் வைத்தாள்.